தவமலரக்கா காத்த கிணறு

இறுப்பிட்டியில் வெளிநாடு போனவர்களின் காணிகள் பற்றை மூடிக் கிடக்கின்றன. என் அயல்வீட்டுத் தவமலரக்கா மட்டும், கனடாவிலிருக்கும் தம்பியின் காணியைத் தானே கத்தியோடு இறங்கித் துப்புரவாக்குவார். எங்கள் ஒழுங்கையில் நல்ல தண்ணீர் உள்ள ஒரே கிணறு அதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் உவர்.

பொலிஸ் நிலையத்துக்கு இடம் தேடி அதிகாரிகள் வெயிலில் வந்தார்கள். அக்கா செம்பில் அள்ளிக் கொடுத்தார். ஒருவர் குடித்துவிட்டு, "உவர் இல்லையே!" என்றார்.

"ஓம், ஊரே இதிலைதான் அள்ளுறது," என்றார் அக்கா பெருமையாக.

அதற்குப் பிறகு அவர்கள் வேறு காணி எதையும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே, காணியை அரசு எடுத்துக்கொள்வதாகச் சுவீகரிப்பு அறிவித்தல் வேலியில் தொங்கியது.

"ஆரைக் கேட்டுத் தண்ணி குடுத்தனீங்கள்?" என்று தம்பி தொலைபேசியில் கத்தினான். பக்கத்தில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்க யாரைக் கேட்பதாம்?

இப்போது அந்தக் காணியில் நிலையம் திறந்தாயிற்று. நேற்றுப் பின்னேரம் அக்காவும் நானும் குடங்களோடு போனோம். வாசலில் நின்ற பொலிஸ்காரர் மறித்தார்.

"என்னம்மா, முறைப்பாடோ?"

அக்கா கிணற்றைப் பார்த்தார்.

"இல்லைத் தம்பி, தண்ணி."