தடுத்த கை

சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்த அந்த ஊடுகதிர்ப் படம் இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. பிடித்திருந்தவர் மாவுக்கட்டு அறையில் பணிபுரிந்த அம்மையார். மருத்துவமனையில் அனைவர்க்கும் அவர் ‘கட்டறை அக்கா’. படத்தை ஒரு கையில் பற்றியபடி, மறுகையைத் தம் நெற்றிக்கு முன்னே குறுக்காகத் தூக்கிக் காட்டினார். “சார், இது வுழுந்த கை இல்லீங்க. தடுத்த கை.”

நான் அப்போது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் ஆவணப் பிரிவின் பொறுப்பாளன். முறிந்தது எந்த எலும்பு, வலமா இடமா, தோல் கிழிந்ததா இல்லையா, முதல் வருகையா தொடர் மருத்துவமா என ஒவ்வொன்றையும் கோப்பில் பார்த்து உரிய குறியீட்டை இடுவது என் தொழில். இறுதியில் ஒரு கட்டம் உண்டு: காயம் நேர்ந்த விதம். அதை நிரப்ப எங்களிடம் இருந்த வழக்கத்தை இன்று எண்ணினாலும் உடல் கொதிக்கிறது. நோயாளியை அழைத்து வந்தவர் முன்கூடத்து மேசையில் சொல்வதே எழுதப்படும். மருத்துவர் அதையே தம் குறிப்பில் எடுத்தெழுதுவார். நான் அதற்கு எண் இட்டுக் கையெழுத்திடுவேன். எலும்பு முறிந்தவரை எவரும் கேட்பதில்லை. வலியில் இருப்பவரை ஏன் துன்புறுத்துவது என்று அதற்கொரு கருணை முலாம் வேறு பூசியிருந்தோம்.

அந்தப் படத்துக்குரிய பெண் செந்துறைப் பக்கத்தவள். முதல் முறை வலக்கை. அடுத்த ஆண்டு இடக்கை. இரு முறையும் கணவனே அழைத்து வந்தான். “இவளுக்குத் தரைன்னாலே ஆவாதுங்க. கால வச்சா வுழுந்துடுவா. வூட்டுலயே ஒரு மூட்ட மாவு வாங்கிப் போட்டுடலாம்னு இருக்கேன்” என்று அவன் சொன்னதும் முன்கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள்.

உள்ளங்கையை ஊன்றி விழுபவர்க்குப் பெரும்பாலும் மணிக்கட்டருகே, கட்டைவிரல் பக்கத்து எலும்பு முறியும். தலைமேல் வரும் அடியைத் தடுக்க உயர்த்திய முன்கையிலோ, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் முறியக்கூடும். அதைக்கொண்டே முடிவுகட்ட இயலாது. ஆயினும் ஐயம் எழவேண்டிய இடம் அது; அவளுக்கு இரு முறையும் அங்கேதான் முறிந்திருந்தது. இதை நான் அறியாதவன் அல்லன். ஐயம் தோன்றினால் மருத்துவருக்கு அனுப்புவதற்கென்றே அச்சிட்ட வினாச்சீட்டுகள் என் இழுப்பறையில் கிடந்தன. நோயாளியைத் தனியே கேட்டறியவும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. கோப்பு அன்றே முடியவேண்டும், ஒரு கட்டமும் வெறுமையாக இருத்தல் ஆகாது என்பதே என் பெருமையாக இருந்தது.

அந்த இரண்டாம் முறை, படத்தைத் தூக்கிக் காட்டிய கட்டறை அக்காவிடம், “எழுதப்பட்டதற்கே குறியீடு அம்மா, ஊகத்திற்கு அன்று” என்றேன்.

“ஊகமாம் ஊகம்! கைதான சார் ஒடஞ்சிருக்கு அந்தப் புள்ளைக்கு, வாய் நல்லாத்தான இருக்கு? சுத்தமாத் தமிழ் பேசுறீங்க, இத ஒரு வார்த்தை கேக்க மட்டும் வாய் வரலியா?”

அவரவர் வேலையை அவரவர் பார்ப்போம் என்று சொல்லி, வீட்டில் வழுக்கி விழுந்ததற்குரிய எண்ணை இட்டேன். மூன்றாம் முறை மீண்டும் வலக்கை, மீண்டும் அதே எலும்பு. கட்டறை அக்கா இம்முறை படத்தைத் தூக்கிக் காட்டவில்லை. உறையோடு என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நானும் பழைய எண்ணையே இட்டேன்.

சில மாதங்களில் அவள் தன் ஐந்து வயது மகளோடு ஏலாக்குறிச்சி அருகிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மகளைத் தன்னிடம் ஒப்படைக்கவேண்டுமென்று கணவன் அரியலூரில் வழக்குத் தொடுத்தான். அவனுக்குச் சான்று எவை? என் கோப்புகள்! மனைவிக்கு வலிப்பு நோய், ஓயாமல் விழுகிறாள், மருத்துவமனையே மும்முறை அவ்வாறு பதிந்திருக்கிறது, இவளிடம் குழந்தை எவ்வாறு பாதுகாப்பாக இருக்கும் என்பது அவன் வாதம். அடித்தவன் என் கையெழுத்தைக் கொண்டே பிள்ளையைப் பறிக்க வந்தான்.

கணவன் தரப்பு அழைத்தபடி, சாட்சி சொல்லக் கோப்புகளோடு போய் நீதிமன்றத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். எதிரே அவள். வலக்கை கோணலாகவே கூடியிருந்தது. “எப்படியம்மா நேர்ந்தது?” என்றேன்.

“இப்பதான் சார் கேக்குறீங்க” என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல் மூன்றையும் சொன்னாள். முதலில் இரும்புக் குழாய், அடுத்தது உலக்கை, பிறகு மறுபடியும் குழாய். “மூணாவது தடவ பாப்பா குறுக்க வந்துடுச்சுங்க. அது தலைக்கு வந்த அடியத் தடுக்கத்தான் கையத் தூக்குனேன். இப்ப அவளையே அவருகிட்ட குடுங்கறாங்க.”

கூண்டில் ஏறினேன். “கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே சார்?” என்றார் கணவனின் வழக்குரைஞர்.

“என்னுடையதுதான்.”

“மூணு தடவையும்?”

“மூன்று முறையும்.”

போதும் என்று அமரப்போனவரை நான் விடவில்லை. நீதிபதியை நோக்கி, “ஐயா, அவை கணவரின் சொற்கள். நோயாளியை மருத்துவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. படங்கள் இதோ உள்ளன. எலும்பு மருத்துவர் ஒருவர் பார்க்கட்டும். கட்டுப்போட்ட அம்மையாரையும் அழையுங்கள்” என்றேன்.

வழக்குரைஞர் சினந்தார். “அப்ப உங்க கையெழுத்துக்கு என்னதான் சார் அர்த்தம்?”

“கேட்காமல் எழுதினேன் என்று அர்த்தம்.”

அரசு மருத்துவர் படங்களைப் பார்த்தார். கட்டறை அக்கா சாட்சி சொன்னார். குழந்தை தாயிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த மாதமே கட்டறை அக்காவை வேலைக்கு வரவேண்டாம் என்றது நிருவாகம். எனக்கோ ஓய்வுபெற்ற நாளில், பிழையற்ற ஆவணங்களுக்காகச் சால்வை போர்த்தினார்கள். வாயைத் திறவாமல் அதை வாங்கிக்கொண்டு வந்த என்னையும் நான் மன்னிக்கவில்லை.

அண்மையில் குளியலறைப் படியில் தடுமாறி விழுந்ததில் என் முன்கை வீங்கியது. மகன் வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். முன்கூடத்துப் பெண் கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் அவனிடம் கேட்டாள்: “தாத்தா எப்படிங்க வுழுந்தாரு?”

அவன் வாய் திறக்குமுன் மேசையை மறுகையால் ஓங்கித் தட்டினேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

“கை என்னுடையது. என்னைக் கேள்!”