இருசம்மாளா, கோமளாவா

இருசம்மாளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஏரிக்கரைக் கொட்டகையில் இறாலைத் தராசில் கொட்டிவிட்டு மற்ற பெண்கள் காலை நீட்டி வெற்றிலை போடுவார்கள். இவள் மட்டும் ஈரப் புடவையோடு நின்றபடி ஆண்கள் பேச்சில் மூக்கை நுழைப்பாள். எடை போடும் சுப்பராயலுவும் ஐஸ் வண்டி ஓட்டிவரும் இளங்கோவனும் அங்கே இரண்டு வருஷமாக ஒரே வழக்கைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். முகமது அலியும் மைக் டைசனும் குத்துச்சண்டையில் மோதினால் யார் ஜெயிப்பது?

மோதவே முடியாது என்பதையெல்லாம் அவர்கள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இருபத்தைந்து வயது அலி, இருபது வயது டைசன், பதினைந்து ரவுண்டு என்று விதிகூட வகுத்து வைத்திருந்தார்கள். சுப்பராயலு அலி கட்சி, இளங்கோவன் டைசன் கட்சி. போனில் பழைய சண்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து இருசம்மாளுக்கும் அந்தப் பித்து ஏறிவிட்டது.

"அலி காலப் பாரு, தரையில நிக்குதா? டைசன் கிட்டவே வர முடியாது" என்றார் சுப்பராயலு ஒருநாள்.

"ஏன் வர முடியாது? அந்தாளு குனிஞ்சில்ல வரான்" என்றாள் இருசம்மாள். "அவன அடிக்கணும்னா அலியும் குனியணும். குனிஞ்சு பழக்கமில்லாதவனுக்கு நாலாவது ரவுண்டுல இடுப்பு புடிச்சிக்கும் அண்ணே."

கொட்டகையே சிரித்தது. ஆனால் குனிவதைப் பற்றிப் பேச அவளைவிட உரிமை உள்ளவர் அங்கே யாரும் இல்லை. தொடையளவுத் தண்ணீரில் குனிந்து, பனையோலைக் கூடையான பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவள் அவள். வலையும் கிடையாது, படகும் கிடையாது. பதினாறு வயதில் இறங்கினாள், இப்போது நாற்பத்தாறு. இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பொன்னேரி டாக்டர் இனிமேல் குனியவே கூடாது என்று சொல்லிவிட்டார். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஆர்த்தி, "நான் இருக்கேன்ல, நீ கரையேறும்மா" என்று தினமும் நச்சரித்தாள். பொங்கலோடு நிறுத்திவிடுகிறேன் என்று இவளும் தலையாட்டியிருந்தாள்.

பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தபோது சுப்பராயலு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"டைசனுக்கு வக்கீலு வந்துட்டாங்கப்பா! ஆப்பக்கட கோமளா கொமரியா ஏரியில எறங்கன காலத்துல நீ இருந்திருந்தா, உன் பறி காலியாத்தான் திரும்பியிருக்கும்."

இளங்கோவன் விடுவானா? "அப்ப ஏரி நெறைய இறாலு. கண்ண மூடிக்கினு கைய வுட்டாலே வரும். இன்னிக்கு இருக்கற இறாலுல இருசக்கா புடிக்குது பாரு, அதான் கெத்து."

அன்றோடு அலிக்கும் டைசனுக்கும் ஓய்வு கிடைத்தது. கொட்டகையில் இருசம்மாளா, கோமளாவா என்பதே பேச்சு. முகத்துவாரம் திறந்திருந்த வருஷம், அடைத்துக்கொண்ட வருஷம், சேற்றின் ஆழம், கை நீளம் என்று ஒன்றுவிடாமல் அலசினார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. இருசம்மாளுக்கோ சோறு இறங்கவில்லை. முப்பது வருஷம் குனிந்து கிடந்திருக்கிறாள். கரையேறும்முன் ஒன்று தெரிந்தாக வேண்டும். கோமளாவைவிட நான்தான் கெட்டிக்காரி என்று தெரிந்துவிட்டால் மறுநாளே நிம்மதியாக ஏறிவிடலாம். தெரியாமல் எப்படி ஏறுவது?

கோமளாவுக்கு வயது அறுபத்தைந்து. எப்போதும் ஏரியின் வடக்கு முனையில் இறங்கியவள், இருசம்மாளோடு ஒரே இடத்தில் குனிந்ததே இல்லை. தண்ணீரை விட்டு ஏழு வருஷமாகிறது, இப்போது படகுத்துறையில் ஆப்பம் சுடுகிறாள். இருசம்மாள் அவள் அடுப்பருகே போய் நின்றாள்.

"எக்கா, கொட்டாயில பேசிக்கிறாங்களே, கேட்டியா?"

"கேட்டேன். நாலு நாளா ஒரே பேஜாரா கீது" என்றாள் கோமளா, ஆப்பத்தை எடுக்க மறந்து. "எப்பம்மே எறங்கலாம்?"

"உன் வயசுக்கு இன்னாத்துக்குக்கா..."

"வயசு என்னுது. நீ உன் இடுப்பப் பாரு."

மறுநாள் காலை கொட்டகை மொத்தமும் கரையில் திரண்டது. ஒரு மணி நேரம் என்று சொல்லி சுப்பராயலு போனில் நேரம் பார்த்தார். இருவரும் இறங்கினார்கள். கோமளா பறிக் கயிற்றை வாயில் வைத்துக் குனிந்தாள். பறி நழுவித் தண்ணீரில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தாள், மறுபடியும் விழுந்தது. அவளுக்கு முன்பல் ஒன்றுகூட இல்லை. தண்ணீரையும் சேற்றையும் பற்றி அத்தனை நாள் வாய் கிழியப் பேசியவர்களில் ஒருவருக்காவது பல்லைப் பற்றி நினைவு வந்ததா? கோமளாவுக்கே வரவில்லை.

"கழுத்துல மாட்டிக்கோக்கா!" என்று இளங்கோவன் கத்தினான்.

"நான் இன்னா மாடாடா?" என்று கோமளா திருப்பிக் கத்தினாள். ஆனால் அவள் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த இருசம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"எக்கா, என் பறியிலயே போடு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கடித்தாள்.

ஒரு பறி, நாலு கை. இருசம்மாளின் வாய் அடைபட்டுப் போனது. கோமளாவின் வாய் கரையையும் இவளையும் சேர்த்துத் திட்டிக்கொண்டேயிருந்தது. ஒவ்வொரு இறால் விழும்போதும் கயிறு சுண்டும், அந்த இழுப்பு பல்லில் தெரியும். எது தன் இறால், எது கோமளாவுடையது என்று இருசம்மாளுக்கு எண்ணாமலே கணக்கு ஏறியது. முதல் அரைமணி இவள்தான் முன்னால். பிறகு கோமளாவின் கைக்குப் பழையது ஞாபகம் வந்துவிட்டது. அவள் துழாவவே இல்லை. இறால் எங்கே ஓடுமோ அங்கே முன்கூட்டியே கை காத்திருந்தது. இருசம்மாளுக்குக் கோபம் வந்தது. வேகத்தைக் கூட்டினாள், இடுப்பில் சுரீரென்றது. நேரம் முடிந்தது என்று சுப்பராயலு கத்தினார்.

கரையேறியதும் அவருக்கு அடுத்த கவலை வந்தது. "ஒரே பறியில போட்டா எது யாருதுன்னு நான் எப்படி எடை போடறது?"

"டிரா! டிரா!" என்றது கூட்டம். கோமளா புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். இருசம்மாள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது டிராவாகவே போயிருக்கும். அவளும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"நான் அறுபத்தொண்ணு. அக்கா எழுபத்தினாலு. என் பல்லுக்குத் தெரியும்."

இருசம்மாளுக்கு வயிறு எரிந்தது. ஏழு வருஷம் ஆப்பம் சுட்ட கை தன்னைத் தோற்கடித்துவிட்டதே என்று அழுகையும் வந்தது. அப்படி ஒரு கையைப் பக்கத்திலிருந்து பார்த்த சந்தோஷமும் எங்கிருந்தோ வந்து அதனோடு சேர்ந்துகொண்டது.

கோமளாவோ சந்தோஷப்படவில்லை. "இது செல்லாது. பறி உன்னுது, கடிச்சது நீ. என் பறிய நானே கடிச்சு ஜெயிச்சாத்தான் ஜெயிப்பு" என்றாள்.

மறுநாள் படகுத்துறையில் ஆப்பக் கடை திறக்கவில்லை. பல் கட்டிக்கொள்வதற்காகக் கோமளா முதல் பஸ்ஸிலேயே பொன்னேரிக்குப் போய்விட்டாள் என்று இளங்கோவன் வந்து சொன்னான்.

பொங்கல் வந்தது, போனது. மறுநாள் விடிந்ததும் பறியைக் கையில் எடுத்த அம்மாவை ஆர்த்தி வாசலில் மறித்தாள்.

"பொங்கலோட நிறுத்தறேன்னு சொன்னியேம்மா!"

"சொன்னேன்தான்" என்றாள் இருசம்மாள், துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டே. "அந்தக்காவுக்குப் பல்லு அடுத்த வாரம் வருதாம். அதுக்குள்ள என் கையி மரத்துப் போச்சுன்னா?"

மகளைச் சுற்றிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தாள்.