அக்கரை தொடாத ஓடம்

மேலூர்ப் பிச்சமுத்துவுக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது. ஊரார் ஓடங்களில் கழி ஊன்றிப் பிழைத்தவன், பாய் கட்டிய சொந்த ஓடம் வைத்துவிட்டான். காவேரித் திட்டுகளில் விளையும் வாழைத்தார் அதில்தான் திருச்சி மார்க்கெட்டுக்குப் போகும். யாரும் கைதூக்கி விடாமல் தானாக எழுந்த ஆளுக்குக் கொஞ்சம் வாய் இருக்கத்தான் செய்யும். பிச்சமுத்துவுக்கு அது காவேரி அகலத்துக்கு இருந்தது.

"எனக்குத் தெரியாம இந்த ஆத்துல ஒரு மீன் திரும்பிப் படுக்காது" என்பான்.

அந்த வாயில் அடிக்கடி வந்தது நீர்நாய்தான். முக்கொம்புக்குப் போகிற வழியில், ஒரு திட்டுக்குப் பின்னால், குட்டியும் குடும்பமுமாக இருக்கிறதாம். சீட்டியடித்துக் கூப்பிட்டுக்கொள்ளுமாம். மனுஷன் மாதிரி இரண்டு கையாலும் மீனைப் பிடித்துத் தின்னுமாம். மாமியார் இருசம்மாள் ஒரு சொல்லையும் நம்பவில்லை. "மாப்ளயோட புளுகை ஏத்தவே இன்னொரு ஓடம் வேணும்" என்பாள்.

கலியாணமாகி வெகுகாலம் கழித்து அவன் பெண்சாதி ரெங்கம்மாள் உண்டானாள். வளையல் போட்டு முடித்ததும் அவள் புளிப்பும் கேட்கவில்லை, இனிப்பும் கேட்கவில்லை.

"ஏங்க, அந்த நீர்நாயைப் பாக்கணும்போல இருக்கு."

நீர்நாய் என்ன கட்டிப்போட்ட ஆடா, கூப்பிட்டதும் வர? பிச்சமுத்து யோசித்தான். அதற்குள் இருசம்மாள் பாய்ந்து வந்தாள்.

"ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி ஆறு தாண்டுறதா? நல்லா இருக்கு!"

"பிள்ளைத்தாய்ச்சி ஆசையைத் தட்டலாமா, அத்தை?"

இருசம்மாள் மாட்டிக்கொண்டாள். ஆறு தாண்டக் கூடாது, ஆசையைத் தட்டக் கூடாது என்ற இரண்டையுமே தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"அக்கரையில ஓடம் ஒட்டினாத்தானே தாண்டுனது? ஒட்டவே மாட்டேன். என் ஓடத்து மேல சத்தியம்."

"அப்ப நானும் வரேன். நீர்நாய் மட்டும் இல்லாமப் போகட்டும், அப்புறம் நீங்க எங்க வீட்டுல வாயே திறக்கக் கூடாது."

ஐப்பசி மாதம். வாடைக்காற்று பாயில் புகுந்து, நீரோட்டத்தை எதிர்த்தே ஓடத்தை மேற்கே ஏற்றிக்கொண்டு போனது. பின்னால் மலைக்கோட்டை சிறுத்துக்கொண்டே வந்தது. முதல் திட்டில் ஆமைகள் வெயில் காய்ந்தன. அடுத்த திட்டில் மருதமரம் முழுக்கப் பழந்தின்னி வௌவால் தொங்கியது. நாணலுக்குள்ளிருந்து நாரைக்கூட்டம் ஒன்று எழும்பியது.

"பாத்தியா புள்ள, என்னைக் கண்டதும் மரியாதையா எழுந்திரிக்குது!"

"உங்க வாய்க்குப் பயந்து ஓடுது, மாப்ள."

அவன் சொன்ன திட்டு வந்தது. அதற்கு அப்பால் சிறு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர். அதைத் தாண்டினால் அக்கரையான தென்கரை. கரையோரம் புங்கமர வேர்கள். அங்கே ஒன்றையும் காணோம்.

"எங்கே?" என்றாள் இருசம்மாள்.

"சத்தம் கேட்டா வராது" என்று முணுமுணுத்துவிட்டு, பிச்சமுத்து பாயை இறக்கினான். கழியை ஊன்றி ஓடத்தை நிறுத்தி, வாயை மூடிக்கொண்டான். மூடிய வாய் மூடியபடியே இருந்தது. ரெங்கம்மாளுக்கு அதுவே பெரிய காட்சியாக இருந்தது. வெள்ளம் ஓடத்தை இழுக்க இழுக்க, அவன் தோள் நரம்பு புடைத்தது.

வேருக்குள்ளிருந்து ஒரு சீட்டி கேட்டது.

முதலில் பெரியது வந்தது, பின்னாலேயே குட்டிகள். பெரியது ஒரு மீனை இரண்டு கையாலும் பிடித்து, தலையிலிருந்து நறுக்கென்று கடித்தது. ஒரு குட்டி அதன் முதுகில் ஏறிச் சறுக்கியது. ரெங்கம்மாள் வயிற்றில் கைவைத்துச் சிரித்தாள். இருசம்மாள் எட்டிப் பார்த்ததில் ஓடமே சாய்ந்தது.

"மாப்ள, குட்டி சரியாத் தெரியலை. இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் விடுங்க."

"கரை ஒட்டிரும், அத்தை."

"ஒட்டட்டுமே! சொன்னவளே சொல்றேன், விடுங்க!"

பிச்சமுத்து முடியாதென்று தலையை ஆட்டிவிட்டுக் கழியை இன்னும் அழுத்திப் பிடித்தான்.

பொழுது சாய வீடு திரும்பியபோது தெருவே கூடிவிட்டது. நடுவில் நின்றவள் இருசம்மாள்.

"ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி உசரம்! என் மகளைப் பாத்து, பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி சீட்டியடிச்சுது!"

"அவ்வளவு பெருசு இல்லீங்க, அத்தை" என்றான் பிச்சமுத்து.

"நீங்க சும்மா இருங்க, மாப்ள. கழியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவருக்கு என்ன தெரியும்?"