மானிட்டரில் தொங்கிய போர்டு

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். இப்படி ஒரு பெயர் வர இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஆள் நிதானமானவராக இருக்கலாம் என்பது முதலாவது. இவருக்கு வந்தது இரண்டாவது வழியில். பாதி மாடியில் சிக்கிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து தட்டும்போதெல்லாம், “நிதானம், நிதானம்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அவருடைய தொழில் நின்றது ஸ்பேனரின் மீது அல்ல, ஒரு தகரத் துண்டின் மீது. ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்று சிவப்பில் எழுதிய அந்த போர்டை மாட்டிவிட்டால் அப்புறம் அவரிடம் யாரும் பேசக்கூடாது. எப்போது முடியும் என்று கேட்கக்கூடாது. காதில் விழும்படி பெருமூச்சு விடக்கூடாது. பேச்சுக் கொடுத்தால் கவனம் சிதறும், கவனம் சிதறினால் ஒயர் மாறும், ஒயர் மாறினால் நான்காவது மாடிக்குப் போக வேண்டியவர் ஒரேயடியாக மேலே போய்விடுவார். இந்தச் சட்டம் அவர் வீட்டிலும் அமலில் இருந்தது. மிக்சியைத் திறந்தபோதும் சரி, குளியலறைக் குழாயைக் கழற்றியபோதும் சரி, போர்டு தொங்கியது, வீடு வாயை மூடிக்கொண்டது.

அவர் மனைவி எம்பிராய்டரி மெஷின் வைத்திருந்தார். விளையாட்டு அணிகளுக்கும் கடை ஊழியர்களுக்கும் சட்டையில் சின்னம் தைத்துக் கொடுப்பது தொழில். வருடக்கணக்காக அவரே உட்கார்ந்து போட்ட டிசைன்கள் மொத்தமும் வீட்டுக் கம்ப்யூட்டரின் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தன. அதில் ஒரு டிசைன் திறப்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி, வழிந்து, துடைத்தும் ஆகிவிடும். மனைவி படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் நிதானம் எஸ்எஸ்டி என்கிற வேகமான புது டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தார். சூயிங்கம் பட்டை அளவுதான் இருந்தது. கடையிலேயே கொடுத்து மாட்டிக்கொள்ளலாமே என்று மனைவி கேட்டுப் பார்த்தார். லிஃப்டையே கழற்றி மாட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்ற முகத்தோடு நிதானம் ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்டு மானிட்டரில் ஏறியது. அடுத்த அறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. கால்பந்து அணி ஒன்றின் சட்டைகளைச் சாயங்காலம் கொடுத்தாக வேண்டும்.

பட்டையைச் செருகினார், திருகினார், விண்டோஸ் ஏற்றினார். அது என்னென்னவோ கேட்டது. எல்லாவற்றுக்கும் பெரிய மனதோடு சம்மதித்தார். கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் எழுந்து உட்கார்ந்தது. நிதானம் மீசையைத் தடவிக்கொண்டு டிசைன்களைத் தேடினார். டிசைன்கள் இல்லை. அவை இருந்த பழைய டிஸ்கே இல்லை. அப்படி ஒன்று பிறக்கவே இல்லை என்பது போல் திரை பளிச்சென்று இருந்தது.

இஸ்திரிப் பெட்டி இரவல் வாங்க மச்சான் வந்தது இந்த நேரத்தில்தான். மனைவியின் தம்பி. செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டும் கடை வைத்திருந்ததால் கம்ப்யூட்டர் வழக்குகளில் குடும்பத்தின் உச்ச நீதிமன்றம். போர்டின் சட்டம் மச்சான்களைக் கட்டுப்படுத்தாது.

“இருக்கறத அழிச்சுட்டுப் போடவான்னு கேட்டிருக்குமே அத்தான்?”

“கேட்டுச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமான்னேன்.”

மச்சான் அடுத்த அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். “அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்புறம் சொல்லுங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டியையும் மறந்து நடையைக் கட்டினான்.

நிதானத்துக்கு வேர்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்போது மனைவி வந்து அடுத்த டிசைனைக் கேட்பார். என்ன சொல்வது என்று பல வாக்கியங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் இரண்டாவது சொல்லைத் தாண்டவில்லை.

வேறு வழியில்லாமல் பட்டையைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார். பழைய டிஸ்க் முனகிக்கொண்டே எழுந்தது. டிசைன்கள் எல்லாம் இருந்தன; அழிந்தது காலியாக இருந்த புதுப் பட்டை மட்டும்தான். பட்டையைத் திரும்பச் செருகினார். பழையது மறுபடி தலைமறைவு. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகளைப் போல, ஒன்று வந்தால் மற்றொன்று வாசலோடு திரும்பியது.

அப்போதுதான் தொழில் கைகொடுத்தது. ஒரு கட்டடத்தில் புது லிஃப்டை ஓடவிட்டதும் பழையது நின்றுபோனது நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் ஒரே லைன் கொடுத்திருந்தார்கள். இங்கேயும் அந்த வம்புதானோ? பழைய டிஸ்கின் கேபிளைப் பிடுங்கி, கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டின் மறுகோடியில் சும்மா கிடந்த சாக்கெட்டில் மாட்டினார். திரையில் இரண்டும் அக்கம்பக்கமாக வந்து உட்கார்ந்தன.

நிதானம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்றுமே நடக்காதது போன்ற நடையில் அடுத்த அறைக்குப் போனார்.

“உன் டிசைன் எல்லாம் பத்திரமா இருக்கு.”

“தெரியுமே” என்றார் மனைவி, நூலைக் கோத்தபடி.

“எப்படித் தெரியும்?”

“காலையிலேர்ந்து இந்த மெஷின் எதை வச்சு ஓடுதுன்னு நினைச்சீங்க?”

மெஷினின் விலாவில் ஒரு பென் டிரைவ் செருகியிருந்தது. நிதானம் ஸ்க்ரூட்ரைவரைத் தேட ஆரம்பித்தாலே மனைவி எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிடுவது அந்த வீட்டில் வெகுநாள் வழக்கமாம். மிக்சிக்குத்தான் காப்பி எடுக்க முடியவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உயிரே போயிடுச்சு எனக்கு.”

“எப்படிச் சொல்றது? போர்டு தொங்குச்சே.”