தடிமன் கொஞ்சம் அதிகம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி ஹால். உள்ளே என்னுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் விருந்து. பலூன், கேக், மைக், வாழையிலை எல்லாம் தயார். மாப்பிள்ளையாகிய நான் எங்கே இருந்தேன் தெரியுமா?

வெளியே. படிக்கட்டுப் பக்கம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். முகத்தில் மாஸ்க். கையில் ஆவி பறக்கும் கொத்தமல்லித் தண்ணீர். கண்ணாடிக் கதவு வழியாக என் விருந்தை நானே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் காரணம் விரல் நக அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. நம்புவீர்களா?

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் — சில மாதங்களாக நான் மறுபடியும் கிட்டாரைக் கையில் எடுத்திருக்கிறேன். “அது என்ன ஆச்சு?” என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கவில்லை. அவருக்குத் தினமும் கேட்கிறது.

நோக்கம் ஒன்றுதான். கல்யாண நாளன்று மங்கைக்காக, அவள் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். தப்பில்லாமல்.

மங்கை வீட்டார் யாழ்ப்பாணத்து வழி. ரயில்வே, கல்வி இலாகா, கருவூலம் என்று தலைமுறை தலைமுறையாக அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். நான் கிள்ளான்காரன். பெண் கேட்டுப் போன அன்று என் மாமி, மங்கையின் அம்மா, கேட்ட ஒரே கேள்வி — “கிட்டார் வாசிக்கிற பெடியனோ?” பெடியன் என்றால் பையன்தான். ஆனால் அந்த ‘ஓ’ இருக்கிறதே... அதற்கு இத்தனை வருஷமாக நான் பதில் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பதிலைத்தான் வாசித்துக் காட்ட நினைத்தேன்.

அதற்கு முதலில் வேண்டியது பிக். கம்பியை மீட்டும் அந்த முக்கோணத் துண்டு.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் உறுமி முதல் ஹார்மோனியம் வரை விற்கும் ஒரு கடைக்குப் போனேன். டப்பாவைத் திறந்து காட்டினார் கடைக்காரர். அம்மாடி! ஒவ்வொன்றிலும் ஒரு எண், கனத்தின் மில்லிமீட்டர் கணக்கு. 0.46, 0.73, 1.5...

“எது நல்லது, பாஸ்?”

“எல்லாம் ஒன்னுதான் லா அண்ணே. கலர் புடிச்சத எடுங்க.”

கலர் பிடித்ததை எடுத்தேன். வீட்டுக்கு வந்து மீட்டினேன். அது 1.5. தட்டை முறுக்கு கனம். பாட்டு கேட்கவில்லை... கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல் கேட்டது. மறுநாள் போய் மெலிசானதை வாங்கினேன். அப்பளம். கம்பியில் பட்டதும் மடங்கிச் சலசலத்தது. தாளத்துக்கு அழகு. ஆனால் பாட்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு சுரமாகத் தெறிக்க வேண்டிய இடத்தில் வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஆக, தொடக்கத்துக்குக் கனமானது வேண்டும். தாளத்துக்கு மெலிசானது வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கோ என் மானம் இருக்கிறது. தேடித் தேடி வாங்கியதில் ஏழு பிக் சேர்ந்துவிட்டன.

வாங்குவது சுலபம். வைத்துக்கொள்வதுதான் வித்தை. ஒன்று வாஷிங் மெஷினில் குளித்தது. ஒன்று சட்டைப் பையிலேயே இருந்து இஸ்திரிப் பெட்டியிடம் மயிரிழையில் தப்பியது. ஒன்று கிட்டாரின் ஓட்டைக்குள் விழுந்தது. கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசலில் நின்று உலுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நம்பிக்கையோடு கேட்டார்: “உடைக்கப் போறீங்களா அண்ணே?”

அப்போதுதான் மூளையில் விளக்கு எரிந்தது. என் பிரஷர் மாத்திரைக்கு ஒரு டப்பா உண்டு. ஏழு அறை, ஏழு மூடி, ஒவ்வொரு மூடியிலும் மலாயில் ஒரு கிழமை — அஹாட், இஸ்னின், ஸெலாஸா என்று. அதேபோல் இன்னொன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமையில் ஆக மெலிசான பிக். அப்படியே கனம் ஏறி ஏறி, சனிக்கிழமையில் தட்டை முறுக்கு. செவ்வாய்க்கிழமை — 0.73 — என் செல்லம். தொடக்கத்துக்கும் தாளத்துக்கும் ஒத்துப்போன ஒரே ஆள்.

“இன்னிக்கு என்ன கிழமைல வாசிக்கிறீங்க?” என்று மங்கை கேட்கும் அளவுக்கு வீட்டில் இது பழகிவிட்டது. இரண்டு டப்பாவும் ஐஸ்பெட்டி மேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று உயிர் காக்க, ஒன்று மானம் காக்க.

விசேஷ நாள் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் கல்யாண நாளே முடிந்துவிடும் என்பதால், நான் கிட்டாரோடு கொமுட்டர் ரயிலில் முன்னால் கிளம்பினேன். சவுண்ட் செட் சரிபார்க்க வேண்டும். மங்கை பிறகு காரில் வருவாள்.

ஷா ஆலாம் தாண்டியதும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பேன்ட் பை. கிட்டார் பை. மறுபடி சட்டைப் பை. எதிரே இருந்த ஆன்டி தன் கைப்பையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

டப்பா வீட்டில்!

விரலால் வாசிக்க எனக்கு வராது. பிக் இல்லாவிட்டால் நான் கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தொப்பைக்காரன், அவ்வளவுதான். உடனே போனை எடுத்தேன். மங்கைக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். ரயில் ஆட, நான் ஆட, விரலும் ஆடியது. அதை அப்படியே எழுதுகிறேன்:

“மங்கை, தடிமன்தான் இப்ப பெரிய பிரச்சினை. சனிக்கிழமை ரொம்பத் தடிமன், அத வச்சிக்கிட்டு ஒன்னும் பண்ண முடியாது. செவ்வாக்கிழமை பரவால்ல, சமாளிச்சிடலாம். ஐஸ்பெட்டி மேல அந்த மாத்திரை டப்பா இருக்கு பாரு, மறந்துடாம கொண்டா. அது இல்லாம இன்னிக்கு நான் மேடை ஏற முடியாது லா!”

சாதாரண நாளில் இங்கிலீஷில் ‘திக்’ என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் மாமி வீட்டார் என் தமிழை ‘பாசார் தமிழ்’, அதாவது சந்தைத் தமிழ், என்று கிண்டல் செய்வதால், கொஞ்ச நாளாக நல்ல தமிழ்ச் சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசிக்கொண்டிருந்தேன். கனத்துக்குத் தமிழில் என்ன? தடிமன். எவ்வளவு அழகான சொல்!

ஒரு சின்ன விஷயம். யாழ்ப்பாணத் தமிழில் தடிமன் என்றால் ஜலதோஷம்.

இது எனக்குத் தெரியாதா? இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். அதற்குப் பெயர்தான் பதற்றம்.

இன்னொரு சின்ன விஷயம். அந்தச் செய்தி மங்கைக்குப் போகவில்லை. அவள் பெயருக்கு மேலே இருந்த குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருந்தது. பெரியம்மா, சித்தப்பா, பேரன், பேத்தி... புடவை கட்டிக்கொண்டிருந்த மங்கையைத் தவிர எல்லாரும் கேட்டாகிவிட்டது.

எனக்கோ இது எதுவும் தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த ஒரே இசைக்கருவிக் கடையைத் தேடிப் போனேன். பூட்டு. மல்லிகைப் பூ கிடைத்தது, முறுக்கு கிடைத்தது, கிளி ஜோசியம்கூடக் கிடைத்தது. பிக் கிடைக்கவில்லை. போகட்டும், மங்கை கொண்டுவந்துவிடுவாள் என்று தைரியமாக ஹால் படியேறினேன்.

மேல் படியில் அன்னம் அக்கா. மங்கையின் மூத்த அக்கா. ஒரு கையில் ஃபிளாஸ்க், மறு கையில் மாஸ்க்.

“தம்பி, அப்பிடியே நில்லுங்கோ. உள்ளுக்க வரவேண்டாம். சின்னவன் இருக்கிறான்.”

சின்னவன் என்றால் அக்காவின் பேரன். பிறந்து சில மாதம். அன்றுதான் முதன்முதலாக வெளியே வந்திருக்கிறான்.

“அக்கா, எனக்கு ஒன்னும் இல்லயே...”

“குரலே அடைச்சுப்போச்சு, பாத்தீங்களே?” என்று பின்னால் இருந்தவர்களிடம் திரும்பினார்.

குரல் அடைத்தது அக்காவைக் கண்ட பயத்தில். அதை யாரிடம் சொல்ல?

போனை நீட்டி என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார். அப்போதுதான் விஷயம் உறைத்தது.

“அய்யோ அக்கா! அந்தத் தடிமன் இல்ல. இது செவ்வாக்கிழமைத் தடிமன்...”

“ஓம், கேட்டனாங்கள்தானே. செவ்வாய்க்கிழமை பரவாயில்லை, சனிக்கிழமை கூடிட்டுது. நேற்றுத்தானே சனி? இண்டைக்கு எப்பிடிக் குறையும்? பேசாமல் இதைக் குடியுங்கோ.”

குடித்தேன். கொத்தமல்லியோடு இஞ்சியும் மிளகும் தாராளம். புரையேறியது. இருமினேன்.

“அந்தா!” என்றது மொத்தக் குடும்பமும்.

வழக்கு முடிந்தது. மாஸ்க் மாட்டப்பட்டது. நாற்காலி போடப்பட்டது. நான் மறுக்க மறுக்க, “காய்ச்சல் போல, பிதற்றுறார்” என்று யாரோ சொன்னார்கள்.

சிறிது நேரத்தில் இராசரத்தினம் அண்ணன் வெளியே வந்தார். அன்னம் அக்காவின் கணவர், என் சகலை. அரசாங்கத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். பேச்சிலிருந்து இன்னும் ஓய்வுபெறாதவர்.

“ஐசே, நீர் ஒண்டுக்கும் கவலைப்படாதையும். உம்மட பாட்டு நேரத்தில நான் ரெண்டு வார்த்தை பேசுறன்.”

“எவ்ளோ நேரம்ணே?”

“சுருக்கமாத்தான். எங்கட அப்பா ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த நாளில இருந்து தொடங்குறன்.”

மாதக்கணக்கில் பயிற்சி செய்த பாட்டு, அவர் வீட்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் போய் முடியப் போகிறது. பிரஷர் எகிறியது. இப்போது எனக்கு நிஜமாகவே மாத்திரை தேவைப்பட்டது.

அது வந்தது! பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி மங்கை படியேறி வந்தாள். மூச்சு வாங்க டப்பாவை நீட்டினாள்.

“அக்கா போன் பண்ணாங்க. மாத்திரை டப்பா கேட்டீங்களாமே? ரொம்ப முடியலையா?”

செவ்வாய்க்கிழமை மூடியைத் திறந்தேன். உள்ளே என் செல்லம் இல்லை. பிரஷர் மாத்திரை, வெள்ளை வெளேரென்று.

“இது இல்ல மங்கை... அந்த டப்பா. செவ்வாக்கிழமை! சனிக்கிழமை! தடிமன்!”

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். மாஸ்க்கைப் பார்த்தாள். ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள்.

“பிக்கா?”

தலையாட்டினேன். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில், தலையில் வைத்திருந்த பூவில் பாதி உதிர்ந்தது. பிறகு உள்ளே போய் விளக்கம் சொன்னாள். ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. அன்னம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “எண்டாலும் இருமினவர்தானே” என்றார்.

நான் விடுதலை. ஆனால் பிக்?

உள்ளே ஓடினேன். ஐஸ்கிரீம் கரண்டியால் மீட்டிப் பார்த்தேன், உடைந்தது. லட்டு டப்பாவின் மூடியிலிருந்து ஒரு துண்டு கிழித்தேன், அப்பளத்தைவிட மெலிசு. அதற்குள் அண்ணன் மைக்குக்குப் பக்கத்தில் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேச்சுக் குறிப்பை எடுக்கப் பர்ஸைத் திறந்தார். குறிப்பு நாலு மடிப்பு. அதற்குப் பின்னால்... ஒரு பிளாஸ்டிக் அட்டை.

“அண்ணே, அது என்ன?”

“எங்கட பழைய கிளப் அட்டை. காலாவதி ஆகிட்டுது. ஒரு ஞாபகத்துக்கு வச்சிருக்கிறன்.”

“கொஞ்சம் குடுங்கண்ணே. தடிமன் பாக்கணும்.”

விரலில் வைத்து வளைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் — அசல் செவ்வாய்க்கிழமை! அண்ணன் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த பேச்சுக் குறிப்பைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாக மடித்து உள்ளே வைத்தார்.

“சரி, வெட்டும். என்ர முகத்தை விட்டுட்டு வெட்டும்.”

சவுண்ட் செட்காரரின் கத்தரிக்கோலால் ஒரு மூலையை வெட்டி, ஓரத்தைச் சுவரில் தேய்த்து மழுக்கினேன். மேடை ஏறினேன். தொடக்கத்தில் ஒரு சுரம் தப்பியது. யாருக்கும் தெரியவில்லை, மங்கைக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துச் சிரித்தாள். பிறகு தாளம் வந்தது... பாட்டு தானாக ஓடியது. மங்கை மெல்லிய குரலில் கூடவே பாடினாள். சின்னவன்கூட அழவில்லை.

முடித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் என் கண் முன்வரிசைக்குப் போனது. மாமி. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

“நல்லா இருக்குது தம்பி.”

மூன்றே சொல். கண் கலங்கிவிட்டது எனக்கு. மாமி தொடர்ந்தார்:

“இன்னொரு பாட்டு வாசியுங்கோ.”

எந்தப் பாட்டு? பழையதெல்லாம் மறந்துபோய், எனக்கு இப்போது தெரிந்ததே அந்த ஒன்றுதான்!

வேறு வழி? அதே பாட்டைக் கொஞ்சம் மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் வாசித்தேன்.

“இது முந்தினதைவிட நல்ல பாட்டு” என்றார் மாமி.

ஏழு பிக் தேடி அலைந்த நேரத்தில் இரண்டாவதாக ஒரு பாட்டைக் கற்றிருக்கலாம்தான்... ஆனால் தேவைப்படவில்லையே!