கனகம்மா திருப்பிய ஸ்டியரிங்

போன வாரம் ஒரகடத்தில் என் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். கவுன்டரில் இருந்தவரிடம், "அப்படியே பவர் ஸ்டியரிங் ஆயிலையும் பாத்துடுங்க தம்பி" என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மேடம், உங்க வண்டில அந்த ஆயிலே கெடையாது. எல்லாம் கரண்ட் மோட்டர்தான்" என்றார். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டியரிங் ஆயில் என்று வாயால் சொன்னதுமே ஒரு வாசனை மூக்கில் ஏறிவிட்டது. வெந்த ரப்பரும் சிவப்பு எண்ணெயும் கலந்த வாசனை. வீடு வரும்வரை போகவில்லை.

1991இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சின்ன ரப்பர் சீல் கம்பெனியில் வேலை பார்த்தேன். மெஷின்களில் எண்ணெய் ஒழுகாமல் அடைக்கிற கறுப்பு வளையங்கள் செய்வார்கள். வளையத்தை எண்ணெயில் போட்டுச் சூடாக்கி, ஊதுகிறதா, சுருங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியவள் செய்தது கிட்டத்தட்ட வடை சுடும் வேலைதான். சாயங்காலம் தண்டலம் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் என் பக்கத்து சீட்டு காலியாக இருக்கும். என்னைப் பெண் பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி, "பக்கத்துல எதுனா டயர் எரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நல்லவேளை, திரும்பி வரவில்லை.

முதலாளி ரங்கநாதன் சாருக்கு அறுபது வயதுக்கு மேல். கம்பெனிக்குப் பின்னாலேயே வீடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி, கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தார். இரண்டே கதவு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், வெயிலில் வெளுத்த சிவப்பு. அதில் கியர் மாற்ற வேண்டியதில்லை. ஸ்டியரிங்கையும் ஒரு கையால் திருப்பிவிடலாம். பக்கவாதம் வந்து இடது கை விழுந்த பிறகு அவரால் ஓட்ட முடிந்த வண்டி அது ஒன்றுதான். சட்டைப் பித்தான் போட, செருப்பு வாரை மாட்ட, எல்லாவற்றுக்கும் அவருக்கு இன்னொருவர் வேண்டும். அந்தக் காருக்குள் உட்கார்ந்தால் யாரும் வேண்டாம்.

அந்த ஸ்டியரிங் ஒருநாள் இறுகிப்போனது. வளைவில் திருப்பினால் பசுமாடு மாதிரி முனகியது. ஸ்டியரிங்குக்கு எண்ணெய் தள்ளும் பம்புக்குக் கீழே சொட்டுச் சொட்டாக ஒழுகல். எங்கள் ஃபிட்டர் டேனியல் அதன் எண்ணெய் டப்பா மூடியைத் திறந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தார். சுங்குவார்சத்திரத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். "இன்னா சார் இது, எவனோ பிரேக் ஆயில ஊத்திக்கீறான்" என்றார். உள்ளே எண்ணெய் சாக்கடைக் கறுப்பாக இருந்தது.

சரி, எதை ஊற்றுவது? இன்ன எண்ணெய் என்று மூடியில் அச்சிட்டிருந்த எழுத்து எப்போதோ அழிந்திருந்தது. "நம்ம ரப்பர் பிரஸ்ஸுக்கு ஊத்தற எண்ணெயே போதும்" என்றார் டேனியல். மவுண்ட் ரோட்டில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய் கிடைக்கும், பழைய கார்களின் ஸ்டியரிங்குக்கும் அதுதான் என்றார் சார். "நீயே டெஸ்ட் பண்ணிச் சொல்லும்மா." காரில் இன்ஜின் முன்னாலா பின்னாலா என்றுகூடத் தெரியாதவளிடம்!

பம்பிலிருந்து கழற்றிய பழைய வளையத்தைப் பார்த்து, அதே ரப்பரில் வளையங்கள் செய்து, மூன்று எண்ணெயிலும் போட்டு அடுப்பில் வைத்தேன். அன்று மத்தியானம் சாரின் மனைவி கனகம்மா லேபுக்கு வந்தார். அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை.

"என்னம்மா வேகுது?"

"சார் காருக்கு எண்ணெய் பாக்கறேம்மா."

கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்த எண்ணெயும் சேராதுன்னு சொல்லிடு. அவர் வண்டி எடுத்துக்கிட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல. லாரிக்காரன் ஒருத்தன் குறுக்க வந்தா ஒத்தக் கையால என்ன பண்ணுவார்? சரியாகாதுன்னு நீ சொன்னா நம்புவார்."

கனகம்மாவின் பயமும் நியாயம்தான். அவர் போனதும் டேனியலிடம் சொன்னேன். "இத்த நாம முடிவு பண்ணக் கூடாதுங்க. வளையம் இன்னா சொல்தோ அத்தச் சொல்லுங்க" என்றார்.

பிரேக் ஆயிலில் கிடந்த வளையம் ஊறிய உளுந்து மாதிரி ஊதி, நகம் பட்டாலே பிய்ந்தது. பிரஸ் எண்ணெயில் ரப்பருக்குச் சேதமில்லை, ஆனால் அந்தச் சின்னப் பம்புக்கு அது ரொம்பக் கெட்டி. சிவப்பு எண்ணெயில் போட்டது போட்டபடியே இருந்தது. முதலில் கனகம்மாவிடம் போய், "சிவப்பு எண்ணெய் சேருதும்மா. பொய் சொல்ல எனக்கு வராது" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். அப்புறம்தான் சாரிடம் சொன்னேன்.

சனிக்கிழமை, வேப்பமரத்தடியில் முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி நிறுத்தினார் டேனியல். பம்புக்கு எங்கள் கம்பெனி வளையத்தையே போட்டாயிற்று. எண்ணெய் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டார். ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பழையது வெளியேற வெளியேற, மேலே நான் புதுசை ஊற்ற வேண்டும். சார்தான் உட்கார்ந்தார். இன்ஜின் ஓடாதபோது அது சாதாரண கனமில்லை. கொஞ்ச நேரத்தில் வியர்வை வழிந்தது, ஒற்றைக் கையால் பாதிகூடத் திருப்ப முடியவில்லை. நிறுத்தச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

வாசல்படியிலிருந்து கனகம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். "இறங்குங்க. நான் திருப்பறேன்."

கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மெல்லச் சிவப்பாகும் வரை திருப்பினார். அப்புறம் ஹோஸை மாட்டி, சக்கரத்தைத் தரையில் இறக்கி, இன்ஜினை ஓடவிட்டோம். நுரை அடங்கியதும் டேனியல், "இப்போ திருப்பிப் பாரும்மா" என்றார். கனகம்மா முழு பலத்தோடு இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"அட! தயிர் கடையறதவிட லேசா கீதே!" அவர் வாயில் டேனியலின் அந்த 'கீதே'யை அன்றுதான் கேட்டேன். மறுபடி ஒரு விரலால் திருப்பினார். பிறகு இறங்காமலேயே சாரைப் பார்த்து, "இனிமே நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுங்க" என்றார்.

சாருக்கு முகம் சுண்டிப்போனது. வீட்டுக்குள் போய்விட்டார். இரண்டு நாள் காரைத் தொடவில்லை. மூன்றாவது நாள் காம்பவுண்டுக்குள் கார் ஊர்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தோம். "பிரேக்கு! பிரேக்கு!" என்று சார் கத்திக்கொண்டிருக்க, கார் நேராகப் போய் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்தது. நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு சார் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் கனகம்மா லைசென்ஸ் வாங்கி, சாயங்காலங்களில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைவரை சாரை அழைத்துப்போவார். வழியில் பஸ் ஸ்டாப்பில் என்னைக் கண்டால் ஏற்றிக்கொள்வார்கள். பின்சீட்டில் பாதி ஆள்தான் உட்காரலாம். முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஹாரன் அடிப்பது பற்றி அவர்கள் போடும் சண்டையைக் கேட்டபடி தண்டலம்வரை போவேன். ரப்பர் நாற்றத்தைப் பற்றி அந்தக் காரில் யாரும் முகம் சுளித்ததில்லை.

சில வருஷம் கழித்து சார் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்ததும் கனகம்மா டேனியலைக் கூப்பிட்டு இன்ஜினை ஓடவிடச் சொல்லி, சார் உட்காரும் இடது பக்க சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சாவியை அவரிடமே கொடுத்து, யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால் கொடுத்துவிடு என்றார். பெங்களூர்க்காரர் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். கம்பெனியை மூடிய கையோடு கனகம்மா மகளிடம் போய்விட்டார். டேனியல் மஸ்கட் போனவர், அப்புறம் தகவல் இல்லை.

இப்போது அந்த இடத்தில் பெரிய கிடங்கு நிற்கிறது. வேப்பமரம் இருந்த இடத்தில் லாரிகள் பின்வாங்குகின்றன. அன்று நான் பஸ்ஸுக்கு நின்ற ஸ்டாப்பில் எத்தனையோ புதுக் கார்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் கடந்து போகின்றன. தெரிந்த முகம் நிற்கிறதே என்று வேகத்தைக் குறைக்கிற வண்டி ஒன்றுகூட இல்லை.