மாரடைப்பு என்று போட்டிருக்கிறார்கள்

காளிராஜ் இறந்துவிட்டான். நேற்று மதியம், கம்பெனி பாத்ரூமில். கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள்.

"மாரடைப்பால் அகால மரணம்" என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். ஆமத்தூர் விலக்கிலிருந்து அவன் வீடு வரைக்கும். நாலு கலர், நல்ல பேப்பர்... சிவகாசியில் அதிலா குறை வைப்பார்கள்.

மாரடைப்பு இல்லை. ஹெராயின். அவன் பாஷையில் பவுடர்.

எழுதலாமா கூடாதா என்று காலையிலிருந்து யோசித்தேன். பொதுவாக நான் அடுத்தவர் வீட்டு விஷயம் பேசுகிறவள் இல்லை. அந்தப் பழக்கம் இவன் விஷயத்தில் என்ன செய்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

காலண்டர் கம்பெனியில் நான் ப்ரூஃப் பார்க்கிறேன். அவன் ஆஃப்செட் மிஷின்மேன். அவனுடைய சொந்த அண்ணன்தான் எங்கள் சூப்பர்வைசர்.

ஒரு வருஷம் தினசரி காலண்டரில் ஆடி அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டேன். காளி மிஷினை நிறுத்திவிட்டு ஷீட்டோடு என் டேபிளுக்கு வந்தான். "யக்கா, இத அடிச்சம்னா ஊரு பூரா ஒரு நாள் லேட்டா திதி குடுக்கும். மேல இருக்கவுக பசியோட காத்துக் கெடப்பாக" என்றான்.

யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம்கூட. ப்ளேட்டை மாற்றிக்கொண்டு போய் ஓட்டினான்.

மிஷினுக்கு வருவதற்கு முன்னால் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே லாரி ஓட்டியவன். தூக்கமில்லாத ரோட்டில் யாரோ பழக்கிவிட்டது. பல வருஷம் யாருக்கும் தெரியாமல் எடுத்திருக்கிறான். கை நடுக்கம் வந்த பிறகு அவனாகவே என்னிடம் வந்து சொன்னான்.

காரியாபட்டி தாண்டி ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தான். கூட நானும் போயிருந்தேன். தொண்ணூறு நாள் சிகிச்சை. கேட்டில் "ஆண்களுக்கு மட்டும்" என்று போர்டு.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. டீக்கடை, ஒயின் ஷாப், பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச்... இந்த ஊரில் எது ஆண்களுக்கு மட்டும் இல்லை, இதில் தனியாக ஒரு மையம் வேறா என்று அங்கே நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "டீக்கடையில எவனாச்சும் அழுது பாத்திருக்கீகளா மேடம்?" என்றார்.

பார்த்ததில்லை.

அவன் அண்ணன் ஊரில் என்ன சொல்லி வைத்திருந்தார் தெரியுமா... தம்பி புது மிஷின் ட்ரெயினிங்குக்கு மும்பை போயிருக்கிறான் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட எட்டிப் பார்க்கவில்லை. நான் மூன்று முறை போனேன்.

தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, தன் பெயரையும் தான் எடுப்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். முதலில் எல்லாம் இவன் "குடி" என்றுதான் சொல்லியிருக்கிறான். அங்கே போயும் பொய்.

"குடின்னா ஆம்பளதானன்னு விட்ருவாகக்கா. பவுடர்னா நாயக் கணக்கா பாப்பாக."

நாற்பதாவது நாள் உண்மையைச் சொன்னானாம். சொல்லிவிட்டு அழுதானாம். பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் ஒருத்தரும் அன்றைக்குத்தான் 'குடி'யை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னாராம். பெண்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன் என்றான். நான் நினைத்தது தப்பு என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

அறுபத்து மூன்றாவது நாள் சீசன் வந்துவிட்டது.

ஆர்டர் குவிந்து கிடக்கிறது, நாலு கலர் மிஷின் சும்மா நிற்கிறது. எங்கள் பக்கத்தில் சீசன் என்றால் ஆஸ்பத்திரியில் கிடப்பவனைக்கூடக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். சீசன் முடிந்ததும் கொண்டுபோய் விடலாம் என்று... உடம்பும் சீசன் பார்த்துக் காத்திருக்கும் போல.

கம்பெனி வேனில் அவன் அண்ணன் போனார். மையத்தில் தெரிந்த முகம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

கவுன்சிலர் பொறுமையாகத்தான் சொன்னார். "இப்ப கூட்டிட்டுப் போகாதீக சார். ரெண்டு மாசமா உடம்புல சரக்கு இல்ல, பழைய தெம்பு அதுக்குக் கெடையாது. ஒரு நாள் ஆசப்பட்டு பழைய அளவ எடுத்தான்னா மூச்சு நின்னுரும்."

அவன் அண்ணன் சிரித்தார். "எந்தம்பி ஆம்பள சார். பொம்பளைக கணக்கா ஒக்காந்து அழுதது போதும். சீசன் முடியவும் நானே கொண்டாந்து விடுறேன்."

காளி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்கக்கா. இன்னும் இருவத்தேழு நாள்தான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் தம்பிக்கு நடுவில் நான் யார் என்று இருந்துவிட்டேன்.

"எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று கடிதம் கொடுத்துத்தான் கூட்டி வந்தார்கள். அதை முந்தின நாளே டைப் செய்து கொடுத்தது நான். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

பத்தொன்பது நாள் மிஷின் ஓட்டினான். நேற்று மூச்சு நின்றது. கவுன்சிலர் சொன்ன மாதிரியே.

இன்று காலை துக்கத்துக்குப் போனேன். அவன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், யாரு கேட்டாலும் அட்டாக்னே சொல்லுங்க. ஆம்பளப்பய செத்தும் அசிங்கப்பட வேண்டாம்" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். எனக்கு இரக்கம் வரவில்லை.

எது அசிங்கம்? அவன் எடுத்ததா, அழுததா... இல்லை, பாதி வைத்தியத்தில் இழுத்துக்கொண்டு வந்து மிஷின் முன்னால் நிறுத்தியதா?

பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தோமே. எங்கே அந்தப் பொறுப்பு?

கமெண்ட்டில் "ஆழ்ந்த இரங்கல்" யாரும் போட வேண்டாம். இதைப் படித்துவிட்டு எங்கள் கம்பெனி என்னை என்ன செய்யும் என்று கேட்கவும் வேண்டாம்.

நாற்பது நாள் கஷ்டப்பட்டு அவன் வாயால் சொன்னதை ஒரு போஸ்டரில் அழித்துவிட்டார்கள். அதனால் அவன் சொன்னபடியே இங்கே போடுகிறேன்.

"எம் பேரு காளிராஜ். நான் பவுடர் எடுப்பேன். இன்னையோட நாப்பது நாளா எடுக்கல."

ப்ரூஃப் பார்த்துவிட்டேன் காளி. தப்பு இல்லை.

போயிட்டு வா.